ஒரே தலைப்பின் கீழ் இரண்டு நோய்க் குடும்பங்கள்: இணைப்புத் திசு நோய்களைப் பிரித்து அறிவது எப்படி?

மூட்டுவலி என்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ டாக்டரிடம் போனால், இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஏஎன்ஏ' (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த செல்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) என்று எழுதித் தருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தால், அடுத்த சீட்டில் 'சி.டி.டி.' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ், அதாவது இணைப்புத் திசு நோய். வீட்டுக்கு வந்து செல்பேசியில் தேடினால் ஒரு பக்கத்தில் ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்த, இதயத்துப் பெருந்தமனி வீங்கிய இளைஞர். இன்னொன்றில் கன்னமெல்லாம் தடிப்பு வந்த பெண். மற்றொன்றில் லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் குழந்தை. மூன்றும் இணைப்புத் திசு நோய் என்றே சொல்லப்படுகின்றன. படிப்பவருக்குத் தலை சுற்றுவதில் வியப்பில்லை.

இந்தத் தலைப்பின் கீழ் காரணத்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்க் குடும்பங்கள் இருக்கின்றன. முதல் குடும்பத்தில், இணைப்புத் திசுவின் இழைகள் பிறவியிலேயே பிழையாக உருவாகின்றன. இரண்டாவதில் இழைகள் சரியாகத்தான் உருவாயின. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, வீட்டில் வேறு யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதெல்லாம் இது எந்தக் குடும்பம் என்பதைப் பொறுத்தே அமையும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இணைப்புத் திசு என்பது எது?

உடலின் திசுக்களை நான்கு வகையாகப் பிரிப்பார்கள்: மேல்பரப்பைப் போர்த்தும் எபிதீலியத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு, இணைப்புத் திசு. முதல் மூன்றிலும் செல்கள்தான் பெரும்பகுதி. இணைப்புத் திசுவில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அவற்றுக்கு இடையே நிரம்பியிருக்கும் பொருளே அதன் வலிமை.

செட்டிநாட்டுப் பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லைப் பிடித்து நிறுத்துவது இடையில் உள்ள சுண்ணாம்புச் சாந்து. சாந்து கெட்டால் செங்கல் எவ்வளவு நல்லதாக இருந்தும் சுவர் நிற்காது. உடலில் அந்தச் சாந்தின் வேலையைச் செய்வது இணைப்புத் திசு. அதில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன.

1. இழைகள். இழுவிசையைத் தாங்குவது கொலாஜன். இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவுவது எலாஸ்டின். அந்த எலாஸ்டினுக்குச் சாரமாக நிற்பது ஃபைப்ரிலின்.

2. இழைகளுக்கு நடுவே நீரைப் பிடித்து வைத்திருக்கும் கொழகொழப்பான தளப்பொருள். முழங்கால் குருத்தெலும்பு உடல் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு வேலை இந்த நீருடையது.

3. இவற்றையெல்லாம் சுரந்து, பழுது பார்க்கும் செல்கள். தோலிலும் தசைநாணிலும் ஃபைப்ரோபிளாஸ்ட், குருத்தெலும்பில் கான்ட்ரோசைட், எலும்பில் ஆஸ்டியோபிளாஸ்ட்.

இந்த மூன்றின் விகிதம் மாறினால் பொருளே மாறிவிடும். கொலாஜன் இழைகள் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்பட்டால், தசையை எலும்போடு கட்டும் தசைநாண். அதில் கால்சியம் உப்புகள் படிந்தால் எலும்பு. தளப்பொருள் மிகுந்தால் குருத்தெலும்பு. கொழுப்புத் திசுவும் இதே வகைதான். இரத்தத்தைக்கூட இந்தப் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள், பிளாஸ்மா அதன் தளப்பொருள் என்ற கணக்கில்.

கண்ணின் வெண்படலம், இதய வால்வு, நுரையீரலின் சல்லடை, சிறுநீரக வடிகட்டியின் அடிப்படலம் எல்லாவற்றிலும் இந்தத் திசு இருக்கிறது. அதனால் இதில் வரும் நோய் ஓர் உறுப்போடு நிற்பது அரிது. நம் நோயாளியோ கண்ணுக்கு ஓரிடம், மூட்டுக்கு ஓரிடம், தோலுக்கு ஓரிடம் என்று தனித்தனியாகப் போகிறார். மூன்று கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இருப்பதில்லை. நோயைக் கண்டறியத் தாமதமாவதற்கு என் கணிப்பில் இதுவே பெரிய காரணம்.

கொலாஜன்: சென்னையில் பிடிபட்ட வடிவம்

உடலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு கொலாஜன். இதுவரை 28 வகைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் முதல் வகை. குருத்தெலும்பில் இரண்டாம் வகை. இரத்தக்குழாய்ச் சுவரிலும் குடல் சுவரிலும் மூன்றாம் வகை. எந்த வகை கெடுகிறதோ அது மிகுந்திருக்கும் உறுப்பு பாதிக்கப்படும் என்பதால் இந்த எண்கள் முக்கியம்.

கொலாஜனின் வடிவம் தெரிய வந்த கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட முப்புரி வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது அவர்களுக்குத் தோதாக அமைந்தது. மாட்டுத் தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். பதனிடுவது என்பது அந்த இழைகளை இறுக்கிக் கட்டும் வேதியியல்.

முப்புரியின் சூத்திரம் எளிது. ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள். அவற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடம் கிடையாது. ஆயிரத்தில் ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதில் சற்றே பெரிய ஒன்று வந்து உட்கார்ந்தாலும் புரி சரியாக முறுக்கிக்கொள்ளாது.

புரி இறுகி நிற்பதற்கு வைட்டமின் சி-யும் தேவை. புரோலின், லைசின் என்ற அமினோ அமிலங்களோடு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிகள் அது இல்லாமல் வேலை செய்யா. மாதக்கணக்கில் காய்கறி, பழம் காணாத கப்பலோட்டிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்ததும், பழைய காயங்கள் மறுபடி திறந்துகொண்டதும் இதனால்தான். நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் பஞ்சமில்லாத நம் பக்கத்தில் ஸ்கர்வி என்ற இந்த நோய் இன்று அபூர்வம்.

இங்கே ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கால் சூப் ஆறினால் கட்டியாக உறைவது அதில் கரைந்த கொலாஜன் ஜெலட்டினாக மாறியதால். ஆனால் அது குடித்தவரின் முழங்காலுக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். அவற்றை எங்கே பயன்படுத்துவது என்பது உடலின் முடிவு. சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் வாங்கி அனுப்பும் விலை உயர்ந்த கொலாஜன் பொடிக்கும் இதே விதிதான். நல்ல புரதம் என்ற அளவில் சூப் குடிக்கலாம், ருசியாகவும் இருக்கும். கீழே வரும் எந்த நோய்க்கும் அது மருந்தல்ல.

முதல் குடும்பம்: பிறவியிலேயே இழை பிழையானவை

இவை மரபணு நோய்கள். பாதிக்கப்பட்டவருக்குக் கருவிலிருந்தே உண்டு. வெளியே தெரிவது மட்டும் முன்பின்னாக இருக்கும்.

முதலில் எலும்பு நொறுங்கும் நோய், ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா. பிறக்கும் குழந்தைகளில் சுமார் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாரித்திருக்கும். வெண்படலத்தில் கொலாஜன் குறைந்து, உள்ளே இருக்கும் கருநிறப் படலம் ஊடுருவித் தெரிவதே காரணம். இந்த நோயில் ஒரு விசித்திரக் கணக்கு இருக்கிறது. அது புரிந்தால் இந்தக் குடும்பமே புரியும்.

முதல் வகைக் கொலாஜன் புரி ஒவ்வொன்றிலும் 'ஆல்ஃபா 1' சங்கிலி இரண்டும் 'ஆல்ஃபா 2' சங்கிலி ஒன்றும் இருக்கும். ஆல்ஃபா 1-க்கான மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதிகள்.

1. ஒரு பிரதி முற்றிலும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். சங்கிலி பாதி அளவுதான் கிடைக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் நல்லவை. எலும்பு பலவீனமாக இருந்தாலும் நோய் மிதமானது.

2. ஒரு பிரதி வேலை செய்கிறது, ஆனால் பிழையான சங்கிலியைத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிச் சங்கிலிகள் பிழை. ஒரு புரிக்கு இரண்டு ஆல்ஃபா 1 வேண்டும். இரண்டும் நல்லவையாக அமையும் வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. மீதி முக்கால் பங்கு புரிகளில் குறைந்தது ஒரு சங்கிலியாவது பிழையாக இருக்கும். நோய் கடுமை.

ஆக, சங்கிலி இல்லாமல் போவதைவிடத் தப்பான சங்கிலி வருவதே பெரிய கேடு. ஒரே பெயர் கொண்ட நோய் ஒரு குழந்தைக்கு நான்கைந்து முறிவுகளோடு நிற்பதும், இன்னொன்றுக்குப் பிறக்கும்போதே எலும்புகள் முறிந்திருப்பதும் இதனால்தான். எலும்பு கரைவதைக் குறைக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளைக் குழந்தைகளுக்கு இரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். மூலப் பிழையை அது திருத்துவதில்லை.

அடுத்தது மார்ஃபான். சுமார் 5,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் அந்துவான் மார்ஃபான் 1896-ல் விவரித்தார். ஃபைப்ரிலின்-1 மரபணுவில்தான் பிழை என்பது 1991-ல் தெரிந்தது. விரித்த இரு கைகளின் நீளம் உயரத்தை மிஞ்சும், விரல்கள் நீண்டு மெலிந்திருக்கும், மார்பெலும்பு உள்வாங்கும் அல்லது துருத்தும், கண் லென்ஸ் இடம் பெயரும். இவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் அடிப்பகுதி ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போவதில் இருக்கிறது. ஒரு நாள் அதன் சுவர் கிழியும். 1970-களில் வந்த ஆய்வு ஒன்றில் மார்ஃபான் உள்ளவர்கள் சராசரியாக 32 வயதில் இறந்திருந்தார்கள். இன்று எக்கோ ஸ்கேனில் தமனியை அளந்து, அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்து, ஏறக்குறைய 5 செ.மீ. தொடும்போது அறுவை செய்து மாற்றிவிடுவதால் பலர் முழு ஆயுளை எட்டுகிறார்கள்.

இதற்கும் மூட்டுவலி இரத்தப் பரிசோதனைக்கும் தொடர்பே இல்லை. மார்ஃபான் இருப்பவருக்கு ஏஎன்ஏ எடுப்பது வீண் செலவு. பள்ளியில் கூடைப்பந்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் உயரமான, கிட்டப்பார்வை கடுமையாக உள்ள பையன், அதிலும் உறவில் யாரோ இள வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு திடீரென்று போய்விட்டார் என்றால், அவனுக்கு எடுக்க வேண்டியது எக்கோ. முதலில் கண்டுபிடிப்பவர் கண் மருத்துவராகவும் இருக்கலாம். லென்ஸ் பெயர்ந்ததைப் பார்த்ததும் இதயத்துக்கு அனுப்புவார்.

மூன்றாவது ஏலர்ஸ்–டான்லோஸ். 2017 வகைப்பாட்டின்படி 13 வகை. தோல் ரப்பராக இழுபடும், மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும், எளிதில் கன்றிப்போகும். மூன்றாம் வகைக் கொலாஜன் கெடும் இரத்தக்குழாய் வகைதான் இவற்றில் அஞ்ச வேண்டியது. பரத நாட்டியம் ஆடும் பிள்ளை கட்டை விரலை முன்கையில் தொட வைத்தால் பதற வேண்டாம். வளையும் உடல் நோயல்ல. வளைவோடு வலி, அடிக்கடி மூட்டு நழுவல், ஆறாத தழும்பு ஆகியவையும் சேர்ந்தால்தான் பார்க்க வேண்டும்.

சொந்தத்தில் திருமணமும் இந்த நோய்களும்

செட்டிநாட்டில் இந்தப் பேச்சு வந்தால் அடுத்த கேள்வி நிச்சயம் இதுதான்: அத்தை மகன், மாமன் மகள் கட்டியதால் வந்ததா?

மார்ஃபானுக்கும், எலும்பு நொறுங்கும் நோயின் பெரும்பாலான வகைகளுக்கும், பழுதான பிரதி ஒன்றே போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. மார்ஃபானில் சுமார் கால்வாசிப் பேருக்குப் பெற்றோர் இருவருக்குமே நோய் இருக்காது. மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்திருக்கும். இவற்றில் சொந்தத் திருமணத்தைக் குறை சொல்ல இடமில்லை.

இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்களில் கதை வேறு. எலும்பு நொறுங்கும் நோயின் சில அரிய வகைகள் அப்படிப்பட்டவை. அல்காப்டோனூரியா இன்னொன்று. குழந்தையின் சிறுநீர் பட்ட துணி நேரம் போகப் போகக் கறுக்கும். நடு வயதில் காது மடல் நீலக் கறுப்பாகி, முதுகெலும்பின் குருத்தெலும்பும் கறுத்து நொறுங்கும். ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-ல் இந்த நோயாளிகளின் பெற்றோர் பலர் நேரடி உறவினர் என்பதைக் கவனித்துத்தான், வேதிமாற்றக் கோளாறுகள் மரபு வழி வருகின்றன என்ற கருத்துக்கே அடித்தளம் போட்டார்.

நகரத்தாரிடையே ஒவ்வொரு குடும்பமும் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தது என்ற முறை உண்டு. பொதுவாக ஒரே கோயில், ஒரே பிரிவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. இது மரபணுவைத் தள்ளி வைக்கும் ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். பாதிதான் சரி. கோயில் அப்பா வழியில் வருவது. மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கோயிலாக இருப்பார்கள், ஆனால் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். கோயில் கணக்கு பங்காளி வழியைத் தடுக்கிறது, தாய் வழியைத் தடுப்பதில்லை. அதே நேரத்தில் அச்சத்தையும் பெரிதாக்க வேண்டாம்: நேரடி அத்தை–மாமன் பிள்ளைகள் மணந்தால் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு, எல்லாருக்கும் உள்ளதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு மூன்று கூடும் என்பதே பொதுவான மதிப்பீடு. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு நோய் உறுதியாகியிருந்தால் இந்தச் சராசரி பொருந்தாது. அப்போது மரபணு ஆலோசனை இல்லாமல் சம்பந்தம் பேசக் கூடாது.

இரண்டாவது குடும்பம்: எதிர்ப்பு மண்டலம் திரும்பித் தாக்குபவை

1942-ல் நோய்க்குறியியல் அறிஞர் பால் கிளெம்பெரர், லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்றவற்றில் உடலெங்கும் இணைப்புத் திசு சிதைந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்த்து, இவற்றைக் கொலாஜன் நோய்கள் என்றார். கொலாஜனில் பிழையில்லை, குற்றவாளி எதிர்ப்பு மண்டலம் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பழைய குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் சொன்ன குழப்பம் பிறந்தது அங்கேதான்.

*லூபஸ்.* பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். காய்ச்சல், சோர்வு, முடி கொட்டுதல், வாய்ப்புண், வெயில் பட்டால் தடிப்பு, மூட்டுவலி. மூக்கிலும் இரு கன்னங்களிலும் பரவும் தடிப்பைப் புத்தகங்களில் செக்கச் சிவப்பாகக் காட்டுவார்கள். அந்தப் படங்கள் வெள்ளைத் தோலுடையவை. நம் நிறத்தில் அது கருஞ்சிவப்பாகவோ வெறும் கருமையாகவோ தெரியும். வெயிலில் அலைந்த கருப்பு என்று முகத்துக்கு மஞ்சளும் பயத்தமாவும் பூசிக்கொண்டு மாதங்கள் போய்விடும். லூபஸில் உண்மையான ஆபத்து சிறுநீரகம். அது வலிக்காது. இரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சாதாரணப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக் கூடியவை. விலை உயர்ந்த ஆன்டிபாடி (எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் தாக்குப் புரதம்) சோதனைப் பட்டியலைவிட இவை இரண்டும் பல நேரம் அதிகம் சொல்லும்.

*முடக்குவாதம்.* மூட்டின் உள்ளுறையை எதிர்ப்பு மண்டலம் தாக்குகிறது. கை விரல் கணுக்களில் இரு பக்கமும் ஒரே மாதிரி வீக்கம், காலையில் எழுந்தால் அரை மணி, ஒரு மணிக்கு மேல் பிடிப்பு. கோலமாவைக் கிள்ளி எடுக்க விரல் மடங்காது, பகல் ஏற ஏறச் சரியாகும். வயதில் வரும் தேய்மானம் இதற்கு எதிர்: நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும், நகத்தை ஒட்டிய கணுவில் கட்டி கட்டியாக இருக்கும். அது இந்தக் குடும்பத்தில் சேராது.

*ஸ்க்ளீரோடெர்மா.* இந்தக் குடும்பத்தில் சாந்தே நேரடியாகக் கெடும் நோய் இது. குறைந்து அல்ல, மிகுந்து. தூண்டப்பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் கொலாஜனைக் கொட்டிக் குவிக்கின்றன. விரல் தோல் இறுகி மோதிரம் கழலாது, வாய் சிறுக்கும், நுரையீரல் விறைக்கும். இதற்கு முன்னோடியாகக் குளிரில் விரல்கள் வெளுத்து, நீலித்து, பிறகு சிவக்கும். சிவகங்கைச் சீமையின் வெயிலில் இது எளிதில் கண்ணில் படாது. ஏசி பஸ்ஸிலும், மார்கழி விடியலிலும், ஐஸ் பெட்டியில் கை விடும்போதும் மட்டும் விரல் வெளுக்கிறதா என்று கேட்டால்தான் பதில் வரும்.

உமிழ்நீரும் கண்ணீரும் வற்றும் ஷோக்ரென் நோய், தரையிலிருந்து எழவும் தலை வாரவும் முடியாமல் தசை தளரும் டெர்மடோமயோசைட்டிஸ் ஆகியவையும் இங்கே உண்டு. பலவற்றின் அடையாளங்கள் கலந்து வந்து, 'யு1 ஆர்என்பி' என்ற ஆன்டிபாடியும் கூடியிருந்தால் அது கலப்பு இணைப்புத் திசு நோய். 1972-ல் தனியாகப் பிரிக்கப்பட்டது. எதிலும் முழுதாகச் சேராதவற்றுக்கு வகைப்படாதது என்றே பெயர். அப்படி எழுதித் தந்தால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று எண்ணி ஊர் ஊராக அலைய வேண்டாம். பலருக்கு அது முற்றாமலே நின்றுவிடும்.

ஏஎன்ஏ 'பாசிட்டிவ்' எவ்வளவு சொல்லும்?

நம் செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஏஎன்ஏ. இரத்த நீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அது தெரிகிறது என்பதை 1:40, 1:80, 1:160 என்று எழுதுவார்கள்.

1. லூபஸ் உள்ளவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏஎன்ஏ பாசிட்டிவ். ஆகவே நெகட்டிவ் என்றால் லூபஸ் அநேகமாக இல்லை. இந்தத் திசையில் சோதனை நம்பகமானது.

2. நோயே இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களில் 1:40 அளவில் சுமார் 32 விழுக்காடு, 1:80-ல் 13, 1:160-ல் 5 விழுக்காடு பேருக்குப் பாசிட்டிவ்.

3. ஒரு பேச்சுக்கு, வெறும் உடம்பு வலியோடு வரும் 1,000 பெண்களில் 2 பேருக்கு லூபஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் 1:80-ல் சோதித்தால் அந்த இருவரோடு நோயில்லாத சுமார் 130 பேரும் பாசிட்டிவ் என்று தாள் வாங்குவார்கள்.

எனவே அறிகுறி இல்லாமல் எடுத்த ஏஎன்ஏ கவலையைத்தான் தரும். முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இதையும் சேர்த்து விற்பது எனக்கு ஒப்புதலில்லை. மருத்துவர் உடலில் எதையோ பார்த்துச் சந்தேகப்பட்டு எடுக்கும்போதுதான் இதற்கு மதிப்பு.

வேறு நோய்களும் வேஷம் கட்டும். 2006-ல் தமிழகத்தைப் படுத்திய சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் முடக்குவாதம் போலவே விரல்களைப் பிடித்துக்கொண்டது. காசநோய், தொழுநோய் இரண்டிலும் மூட்டு வீங்கும், முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற இரத்தச் சோதனையும் ஏஎன்ஏவும் பாசிட்டிவ் ஆகக்கூடும். நம் நாட்டில் இவ்விரண்டையும் நினைத்துப் பார்க்காமல் இணைப்புத் திசு நோய் என்று முத்திரை குத்துவது ஆபத்து. ஏனென்றால் இதற்குத் தரும் மருந்துகள் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை, உள்ளே உறங்கும் காசநோயை எழுப்பிவிடுபவை.

மருந்துகள்: எது எதற்கு?

அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு முப்பது வயதை ஒட்டிக் கடும் முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவையைக் கற்று ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார். அவருடைய மன உறுதியை எல்லாரும் சொல்வார்கள். நான் சேர்க்க விரும்புவது வேறு: அவருக்கு நோய் வந்த 1940-களில் மூட்டு சிதைவதை நம்பகமாகத் தடுக்கும் மருந்து இல்லை. கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குப் போடப்பட்டதே 1948-ல். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வழக்கத்துக்கு வந்தது 1980-களில். இன்று அதே நோய் முதல் சில மாதங்களில் பிடிபட்டால் விரல் கோண வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

ஸ்டீராய்டு வேகமாக அடக்கும். நீண்ட நாள் எடுத்தால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, முக வீக்கம் என்று வட்டி வசூலிக்கும். வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்று பெயர் தெரியாத பொடியையோ உருண்டையையோ யாராவது புகழ்ந்தால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுவதே சரி.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் லூபஸுக்கு அடிப்படை மருந்து, பொதுவாக ஆண்டுக்கணக்கில். எடைக்கு ஏற்ற அளவு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. தாண்டாமல். தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை செத்துவிடும். வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து உயிர் போனவர்கள் உண்டு. வீட்டில் ஆச்சிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், இன்ன கிழமை என்று பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

முதல் குடும்பத்து நோய்களுக்கு இந்த மருந்துகளில் எதுவும் பொருந்தாது. அங்கே தாக்குதலே நடக்கவில்லை, அடக்க எதுவுமில்லை. மார்ஃபான் பையனுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பயனில்லை. லூபஸ் பெண்ணின் தங்கை, தம்பிகள் எல்லாருக்கும் எக்கோ எடுக்கவும் தேவையில்லை.

கல்யாணமும் குழந்தையும்

லூபஸ் வரும் வயதும் வரன் பார்க்கும் வயதும் ஒன்றாக இருப்பதால், பெண் வீட்டார் மறைக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் மாத்திரை போடுவதைக் காட்ட முடியாமல் அந்தப் பெண் நிறுத்திவிடுகிறாள். சில மாதத்தில் நோய் சிறுநீரகத்தில் எழுகிறது, பெரும்பாலும் முதல் கர்ப்பத்தோடு சேர்ந்து. லூபஸ் உள்ள பெண் குழந்தை பெறலாம். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும், கர்ப்பம் திட்டமிட்டதாக இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும்; ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினை மாறாக, கர்ப்பம் முழுவதும் தொடர வேண்டும். அதை நிறுத்துவதில்தான் ஆபத்து அதிகம். தாயின் இரத்தத்தில் 'ஆன்டி ரோ' ஆன்டிபாடி இருந்தால் நூற்றில் ஒன்றிரண்டு கருக்களுக்கு இதயத் துடிப்பு தடைபடக்கூடும்; அதனால் 16-ஆம் வாரத்திலிருந்து 26-ஆம் வாரம் வரை கருவின் துடிப்பை ஸ்கேனில் கவனிக்கிறார்கள். இந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே ஒரு முறை பார்த்து, முடிவுத் தாளை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கொடுத்துவிட வேண்டும்.